பக்கத்து ஊரோடு ஒரே பனி வண்டி: ஒப்பந்தம் ஏன் இரண்டு முறை முறிந்தது?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு டவுன்ஷிப்பின் ஐந்து பேர் கொண்ட கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஜனவரியிலிருந்து பணியாற்றுகிறேன். மூன்று பேர் ஒரு கட்சி. நானும் இன்னொருவரும் மறுகட்சி. எங்கள் டவுன்ஷிப்பின் நடுவில் ஒரு சின்ன பரோ, அதாவது தனி உள்ளாட்சி உடைய சிற்றூர், இருக்கிறது. எங்கள் மக்கள்தொகை 17,000, அவர்களுடையது 6,000. அந்தப் பரோவின் பொதுப்பணித் துறைத் தலைவர் வரும் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். பனி தள்ளுவது, இலை வாருவது, தெரு பராமரிப்பு ஆகியவற்றை இரு ஊரும் சேர்ந்து செய்தால் இருவருக்கும் மிச்சம் என்று நினைக்கிறேன். முன்பே இரண்டு முறை பேச்சு நடந்திருக்கிறது. ஒரு முறை செலவுப் பங்கிலும், மறுமுறை யார் தெரு முதலில் என்பதிலும் முறிந்தது. எங்கள் மேயர் அந்த மூன்று பேரின் பெரும்பான்மைக் கட்சிக்காரர். சிறுபான்மையில் இருக்கும் நான் இதை எப்படி முன்னெடுப்பது? இரு ஊர் உறுப்பினர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்காதீர்கள். ஐந்து பேர் கமிட்டியில் மூன்று பேர் சேர்ந்தால் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. நியூ ஜெர்சியின் திறந்த பொதுக்கூட்டச் சட்டம் 1975-இல் வந்தது. 'சன்ஷைன் சட்டம்' என்று உங்கள் கிளார்க் சொல்வது இதைத்தான். கோரம் அளவு உறுப்பினர்கள் ஊர்க்காரியத்தைக் கலந்து பேசினால் அது கூட்டமாகிவிடும். கூட்டம் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வேண்டும், பொதுமக்கள் வந்து உட்கார இடம் வேண்டும். கைபேசிக் குழுவில் இரண்டுமே நடக்காது. அதோடு, ஊர்க்காரியம் பற்றி உங்கள் சொந்தக் கைபேசியில் அனுப்பும் செய்தியையும் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்டு வாங்கலாம். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஒரு குழு, 'மறைவில் பேரம்' என்ற தலைப்பில் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போனால் மூன்றாவது முயற்சியும் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு மாற்று, இருவர் துணைக் குழு. உங்கள் பக்கம் நீங்களும் பெரும்பான்மைக் கட்சியிலிருந்து ஒருவரும். பரோ பக்கம் இரண்டு கவுன்சில் உறுப்பினர்கள். அவர்களும் இரு கட்சியிலிருந்து என்றால் மிக நல்லது. இரு பக்கத்திலும் கோரம் வராது என்பதால் இவர்கள் நேரில் உட்கார்ந்து தாராளமாகப் பேசலாம். ஆனால் இந்தக் குழு அமைவது பொதுக்கூட்டத்தில், குறிப்பேட்டில் ஏறும்படி நடக்கட்டும். அந்த மேசையில் இரு ஊரின் நிர்வாகிகளும், முக்கியமாக இரு ஊரின் நிதி அதிகாரிகளும் இருக்க வேண்டும். அரசியல்வாதிகள் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகு ஒப்பந்தத்தை நடத்தப் போவது அவர்கள்தான். அவர்களைக் கேட்காமல் எழுதிய எண்கள் எதுவும் முதல் பனிக்காலத்தைத் தாண்டாது.

சட்டப்படி உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. 2007-ஆம் ஆண்டின் பகிர்வுச் சேவைகள் மற்றும் ஒன்றிணைப்புச் சட்டம் இதற்காகவே எழுதப்பட்டது. ஒவ்வொரு ஊரும் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். உள்ளூர்ச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. தீர்மானம் நிறைவேறிய உடனேயே ஒப்பந்தத்தின் நகல் இரு ஊர் அலுவலகத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். எந்தச் சேவை, அதன் தரமும் அளவும் என்ன, யார் எதற்குப் பொறுப்பு, முழுக் காலத்துக்கும் உத்தேசச் செலவு எவ்வளவு, அதை எப்படிப் பங்கிடுவது, பணம் எப்போது எப்படிக் கைமாறும், எத்தனை ஆண்டுக்கு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் கட்டாயம் வர வேண்டும். ஆண்டுக் கணக்கைப் பற்றி வேறு எதுவும் முடிவாகாவிட்டால் சட்டம் அதைப் பத்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இது பலருக்குத் தெரிவதில்லை. பத்து ஆண்டு என்ற சொல்லைக் கேட்டதுமே சின்ன ஊர் பின்வாங்கும்.

பரோ ஏன் தயங்குகிறது என்பதையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். டவுன்ஷிப்பின் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்ததுபோல் பரோ இருப்பது நியூ ஜெர்சியில் பல இடங்களில் காணும் அமைப்பு. எடிசனுக்குள் மெட்டச்சன் இருப்பது நம்மவர்கள் பலருக்குக் கண்கூடு. 1894-இல் பள்ளி மாவட்டங்களை டவுன்ஷிப் அளவில் ஒன்றாக்கும் சட்டம் வந்தபோது, தங்கள் பள்ளியையும் வரியையும் தாங்களே வைத்துக்கொள்ள ஊர் ஊராகப் பிரிந்து பரோ ஆனார்கள். பெர்கன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மட்டும் அந்த ஒரே ஆண்டில் இருபதுக்கு மேல். ஆக, 'டவுன்ஷிப் நம்மை விழுங்கிவிடும்' என்ற பயம்தான் அந்த ஊரின் பிறப்புக் காரணமே. இன்று மாநிலத்தில் 564 உள்ளாட்சிகள். பிரின்ஸ்டன் பரோவும் பிரின்ஸ்டன் டவுன்ஷிப்பும் 2011 நவம்பரில் வாக்களித்து 2013 ஜனவரி 1 முதல் ஒரே ஊராயின; அதற்கு முன் பலமுறை அதே கேள்வி வாக்குப்பெட்டியில் தோற்றிருந்தது. 2022-இல் பைன் வேலி என்ற மிகச் சிறிய பரோ பைன் ஹில்லோடு சேர்ந்தது. இவை அரிதான விதிவிலக்குகள். உங்கள் திட்டம் இணைப்பு ஆகாது. எந்தக் கூட்டத்திலும், பேச்சுவாக்கில்கூட, 'இணைப்பு' என்ற சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. பரோ தெருவில் ஓடும் வண்டியின் கதவில் பரோவின் முத்திரையும் இருக்கும், பரோவாசிகள் புகாருக்கு அழைக்கும் எண் பரோ அலுவலகத்தின் எண்ணாகவே இருக்கும் என்று முதல் வரைவிலேயே எழுதுங்கள். ஒட்டும் ஸ்டிக்கருக்கு ஆகும் செலவு சொற்பம். அது தரும் நிம்மதி பெரிது.

இப்போது உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. பொதுப்பணித் துறையின் முதன்மை மேலாளர் பதவியில் அமர மாநிலச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் உள்ளவர் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. பரோ ஜனவரிக்குள் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து முழுச் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, மருத்துவக் காப்பீடு எல்லாம் தர வேண்டும். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அவரை இரு ஊருக்கும் பொதுவாக வைப்பதுதான் முதல் படி. யாரும் வேலை இழப்பதில்லை, ஒரு வண்டியும் இடம் மாறுவதில்லை, பரோவின் தொழிலாளர்கள் பரோவின் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். காலியிடத்தில் தொடங்கிய பகிர்வு நிலைத்து நிற்கும். ஆள் இருக்கும் நாற்காலியைக் குறிவைத்துத் தொடங்கியது அந்த ஆளின் நண்பர்களிடமே தோற்கும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஓய்வு நாளுக்கு முன்பே நீங்கள் பேசியாக வேண்டும். பரோ புதிய ஆளுக்கு விளம்பரம் கொடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

இனி செலவுப் பங்கு. முதல் முறை பேச்சு இதில் முறிந்தது என்கிறீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு எல்லாச் செலவையும் வெட்டப் பார்ப்பதால்தான் இது முறியும். மக்கள்தொகைப்படி பார்த்தால் 23,000-இல் 6,000, பரோவின் பங்கு சுமார் 26 சதவீதம். ஆனால் பனி மக்கள்மேல் விழுவதைவிடத் தெருமேல் விழுவதுதான் கணக்கு. தெருவின் நீளத்தை அதிலுள்ள தடங்களின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் லேன் மைலை எடுங்கள். ஓர் உதாரணத்துக்கு உங்களுடையது 160 லேன் மைல், பரோவினுடையது 32 என்று வைத்துக்கொள்வோம். 192-இல் 32, அதாவது ஆறில் ஒரு பங்கு, 16.7 சதவீதம். 26-க்கும் 17-க்கும் இடையிலுள்ள அந்த ஒன்பது சதவீதத்தில்தான் இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைக்கத் தொடங்குவார்கள். லேன் மைலைக் கணக்கிடும்போது கவுண்டி சாலைகளையும் மாநில நெடுஞ்சாலைகளையும் நீக்கிவிடுங்கள். அவற்றில் பனி தள்ளுவது கவுண்டியும் மாநிலப் போக்குவரத்துத் துறையும். இந்த நீக்கலை மறந்துவிட்டுப் போட்ட கணக்குகள் நிறைய உண்டு.

ஒவ்வொரு வேலைக்கும் அதற்கேற்ற அளவுகோலை வையுங்கள். பனிக்கு லேன் மைல். உப்புக்கு நேரடி எடை. லேன் மைலுக்கு 250 பவுண்டு வீதம் தூவினால், அந்த 32 மைலுக்கு ஒரு சுற்றுக்கு 8,000 பவுண்டு, நான்கு டன். உங்கள் 160-க்கு 20 டன். கொட்டகையிலிருந்து ஏற்றும் ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு எழுதினால் தகராறுக்கே இடமில்லை. இலைக்கு வண்டி மணி. பழுது பார்க்க மெக்கானிக்கின் மணி. மேலாளர் சம்பளத்துக்கு அவர் நேரத்தில் ஒப்புக்கொண்ட பங்கு. உதாரணமாக ஐந்தில் ஒரு பங்கு. வண்டிகளில் ஜி.பி.எஸ். பொருத்தி, பதிவை இரு நிதி அதிகாரிகளும் பார்க்கும்படி செய்யுங்கள்.

அதன்பின் மொத்தத்தை நிலையான பகுதி, மாறும் பகுதி என்று பிரியுங்கள். மேலாளர், வண்டித் தேய்மானம், காப்பீடு ஆகியவை நிலையானவை. காலாண்டுக்கு ஒருமுறை சம தவணை. ஓவர்டைம், உப்பு, டீசல் ஆகியவை ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் தனி பில். 30 நாளில் பணம். முழுவதும் நிலையான தொகையாக வைத்தால் பனியே இல்லாத ஆண்டில் பரோ ஏமாந்ததாக நினைக்கும். முழுவதும் மாறும் தொகையாக வைத்தால் கடும்பனி ஆண்டில் பரோவின் பட்ஜெட் உடையும். இந்த இரண்டாவது ஆபத்துதான் பெரிது. நியூ ஜெர்சியில் 2011 முதல் சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல், சில விலக்குகள் தவிர, உயர்த்த முடியாது. மார்ச் மாதம் திடீரென்று ஒரு பெரிய பில் வந்து விழுந்தால் 6,000 பேர் ஊருக்கு அதை வாங்கித் தாங்க இடமில்லை. ஆகவே, ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் போனால் பரோ கவுன்சிலின் முன் ஒப்புதல் வேண்டும் என்று ஓர் உச்சவரம்பு எழுதுங்கள். இரு ஊரும் புயல் மீட்புக்கான தனி நிதிக் கணக்கை வைத்து, பனி குறைந்த ஆண்டின் மிச்சத்தை அதில் போட்டு வரலாம். சட்டம் இதற்கு வழி தருகிறது.

இரண்டாவது முறிவு, யார் தெரு முதலில் என்பது. இதை நல்லெண்ணத்துக்கு விட்டுவிடவே கூடாது. விடியற்காலை நான்கு மணிக்கு, பத்து அங்குலப் பனியில், நல்லெண்ணம் தூங்கிக்கொண்டிருக்கும். ஊர்களில் பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் கிணற்றுக்கு எந்த நாள் எத்தனை மணி நேரம் யாருக்கு முறை என்று பத்திரத்திலேயே எழுதுவார்கள். பாசம் குறைந்ததால் அல்ல, பாசம் குறையாமல் இருக்கத்தான். அதேபோல் எழுதுங்கள். இரு ஊரின் எல்லாத் தெருக்களையும் எல்லைக் கோட்டை மறந்துவிட்டு ஒரே பட்டியலாக்குங்கள். முதல் வகை: தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ் நிலையம், செங்குத்தான ஏற்றம், பாலம், பள்ளிப் பேருந்து போகும் பாதை. இரண்டாம் வகை: குடியிருப்புத் தெருக்களைப் பெரிய சாலையோடு சேர்க்கும் தெருக்கள். மூன்றாம் வகை: முட்டுச் சந்துகளும் மற்றவையும். முதல் வகை முழுவதும், இரு ஊரிலும், முடிந்த பின்தான் இரண்டாம் வகை. எத்தனை அங்குலத்தில் வண்டி கிளம்பும் என்றும் எழுதுங்கள். 2 அங்குலம் என்பது பொதுவான அளவு. பரோவுக்குக் குறைந்தது எத்தனை வண்டி எப்போதும் ஒதுக்கப்படும், அதில் ஒன்று பழுதானால் எது மாற்று என்பதும் வேண்டும். ஏனெனில் பழுதாகும் வண்டி எப்போதும் அடுத்த ஊருக்கு ஒதுக்கிய வண்டியாகத்தான் இருக்கும் என்று சின்ன ஊர் சந்தேகப்படும்.

இங்கே பரோவின் பக்கம் ஒரு கடமை உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. பரோவின் தெருக்கள் குறுகல், இருபுறமும் கார். பனி நேரத்தில் தெருவில் கார் நிறுத்தத் தடை என்ற பரோவின் சட்டத்தைப் பரோவின் போலீஸ்தான் நடைமுறைப்படுத்த வேண்டும். கார்கள் நகராவிட்டால் உங்கள் வண்டி உள்ளே போக முடியாது. பழி உங்கள் ஓட்டுநர்மேல் விழும். தடை அறிவித்து இத்தனை மணி நேரத்துக்குள் தெரு காலி என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். பரோவின் கடைவீதியில் குவிந்த பனியை இரவில் அள்ளி லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது உங்கள் ஊரில் இல்லாத வேலை. அதைத் தனி விலையாக வையுங்கள்.

தொழிலாளர்களைப் பற்றி. இரு ஊரில் எது சிவில் சர்வீஸ் முறையில் (ஊழியர் நியமனமும் பதவி உயர்வும் மாநில விதிப்படி நடக்கும் முறை) இருக்கிறது என்பதை உங்கள் அட்டர்னியிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஒன்று அந்த முறையில் இருந்தால்கூட, ஊழியர்கள் எங்கே போகிறார்கள், அவர்கள் மூப்பு என்னவாகிறது என்று சொல்லும் ஊழியர் சமரசத் திட்டம் ஒன்று ஒப்பந்தத்தோடு வேண்டும். மாநில சிவில் சர்வீஸ் ஆணையமும் அதில் வரும். இரு ஊரின் தொழிற்சங்க ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரே தெருவில் ஒரே வேலை செய்யும் இருவருக்கு இரண்டு ஓவர்டைம் விகிதம் என்றால் முதல் புயலிலேயே புகார் வரும். நள்ளிரவில் யாரை முதலில் அழைப்பது என்பதும் சங்க ஒப்பந்தத்தில் இருக்கும் விஷயம். நீங்களாக மாற்ற முடியாது. சங்கத் தலைவர்களிடம் செய்தித்தாளுக்கு முன்பே பேசுங்கள், 'இந்த ஒப்பந்தத்தால் ஒருவரும் வேலை இழக்க மாட்டார். ஓய்வு பெறுபவரின் இடம் மட்டுமே குறையும்' என்பதை எழுத்தில் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் மிச்சம் மெதுவாகத்தான் வரும். பரவாயில்லை.

காப்பீட்டில் இரண்டு வரி போதும், ஆனால் அந்த இரண்டு வரியை விட்டால் சங்கடம். நியூ ஜெர்சி ஊர்கள் பெரும்பாலும் கூட்டுக் காப்பீட்டு நிதிகளில் இருக்கின்றன. இரு ஊரின் நிதிக்கும் வரைவை அனுப்பி, ஒருவர் பெயரை மற்றவர் காப்பீட்டில் சேர்த்த சான்று வாங்குங்கள். உங்கள் வண்டி பரோவில் ஒருவர் காரை இடித்தால் அவர் எந்த ஊருக்கு எழுதுவது? பொது அமைப்புகள்மீது இழப்பீடு கேட்பவர் 90 நாளுக்குள் அறிவிப்புத் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தவறான ஊருக்கு எழுதி அவர் நாள் தவறினால் அது அநியாயம். எந்த அலுவலகத்துக்கு வந்தாலும் இரண்டு வேலை நாளுக்குள் மற்ற கிளார்க்குக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிவிடுங்கள். மழைநீர் வடிகால் அனுமதி இன்னொன்று: தெருக் கூட்டுவது, வடிகால் தொட்டி சுத்தம் செய்வது ஆகியவற்றின் பதிவேட்டுக்கு மாநிலத்திடம் பொறுப்பு அந்தந்த ஊரே. வேலையை ஒப்படைக்கலாம், அனுமதியின் பொறுப்பை ஒப்படைக்க முடியாது. பரோவுக்கான பதிவேட்டைத் தனியாக எழுதி மாதாமாதம் கொடுக்க ஒப்புக்கொள்ளுங்கள்.

வெளியேறும் வழி. வரைவு எழுத உட்காரும்போது இதை முதலில் எழுதச் சொல்வேன். பிரிவதைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசுவது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைப்போம். இங்கே அதுதான் சின்ன ஊருக்குத் துணிச்சல் தருவது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம்; எந்த ஊரும் 12 மாத முன்னறிவிப்பில் விலகலாம்; ஆனால் விலகல் அமலாகும் நாள் ஜூன் 30 மட்டுமே, பனிக்காலத்தின் நடுவில் யாரும் யாரையும் விட்டுப் போக முடியாது. அவரவர் வண்டி அவரவர் பெயரிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வண்டியின் ஆண்டும் நிலையும் இணைப்பில் இருக்கட்டும். சேர்ந்து வாங்கிய கருவியை, விலகும்போது ஏட்டு மதிப்பில் ஒருவர் மற்றவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம். பரோ முதல் இரண்டு ஆண்டு தன் கராஜை விற்கக் கூடாது என்பதையும் சேருங்கள். உங்கள் நிதி அதிகாரி இதை எதிர்ப்பார். அந்த நிலத்தை விற்றால்தான் பெரிய மிச்சம் என்பார். அவர் கணக்கு சரிதான். ஆனால் திரும்பிப் போக இடமில்லாத ஊர் பயத்தோடு பேரம் பேசும், பயத்தோடு பேசுபவர் ஒவ்வொரு பில்லையும் சண்டையாக்குவார்.

இனி அரசியல். நீங்கள் சிறுபான்மையில் இருப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சின்னத் தடை. பகிர்வு ஒப்பந்தத் தீர்மானத்துக்கு மூன்று வாக்கு போதும்; மேயரின் கட்சியிடம் அது இருக்கிறது. ஆனால் புதிய பனி வண்டி வாங்கக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால், முழு உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஐந்தில் அது நான்கு. உங்களில் ஒருவர் இல்லாமல் அவர்களால் கடன் பத்திரத்தில் லாரி வாங்க முடியாது. நவம்பர், டிசம்பரில் பட்ஜெட்டின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்குப் பணம் மாற்றவும் அதே மூன்றில் இரண்டு. இந்த வாக்கை மிரட்டலாகப் பயன்படுத்தினால் அடுத்த மூன்று ஆண்டும் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். மேயரிடம் தனியாகப் போய், 'பரோவோடு கணக்கை ஒன்றாகப் பார்த்துவிட்டு வாங்கினால் இரண்டு வண்டிக்குப் பதில் ஒன்று போதுமா என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றுக்கு என் வாக்கு உண்டு' என்று சொல்லுங்கள். நீங்கள் இருவர் மட்டும் பேசுவது சட்டத்துக்குள்தான். கூட்டத்தில் தீர்மானத்தை மேயரின் கட்சிக்காரர் முன்மொழியட்டும், நீங்கள் வழிமொழியுங்கள். விவாதம் இல்லாமல் ஒரே வாக்கில் பத்து விஷயம் நிறைவேறும் பட்டியலில் இதைச் சேர்க்க விடாதீர்கள். தனி வாக்கு, பெயர் சொல்லி வாக்கு, பொதுமக்கள் கேள்வி கேட்ட பின் வாக்கு. பரோவில் அறிவிப்பைப் பரோவின் மேயர் அவர் அரங்கில் அறிவிக்கட்டும். இரு நிதி அதிகாரிகளும் ஒரே தாளில் கையெழுத்திடும் வரை யாரும் மிச்சம் இவ்வளவு டாலர் என்று எண் சொல்லக் கூடாது. அவசரத்தில் சொன்ன எண் பின்னால் குறையும்போது நம்பிக்கையும் குறையும்.

டவுன்ஷிப் முறையில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு ஜனவரி முதல் வாரமும் கமிட்டி தனக்குள் தேர்ந்தெடுக்கிறது. உறுப்பினர் பதவிக்காலம் மூன்று ஆண்டு, சுழற்சி முறையில் முடிவதால் ஏறக்குறைய ஒவ்வொரு நவம்பரிலும் ஏதோ ஓர் இடத்துக்குத் தேர்தல். பரோவின் மேயரை மக்கள் நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரு மேயர்களின் நட்பை நம்பி வாய்மொழியாக ஓடும் ஏற்பாடு ஒரு ஜனவரியில் நின்றுபோகும். அதனால்தான் இவ்வளவையும் எழுதச் சொல்கிறேன்.

நாள்காட்டியை இப்படி வையுங்கள். ஜூனுக்குள், பிரசாரம் சூடேறும் முன், இரு ஊரும் 'ஆராய்கிறோம்' என்ற ஒரு பக்க விருப்பத் தீர்மானத்தை நிறைவேற்றட்டும். கோடையில் துணைக் குழு எண்களைப் பார்க்கட்டும். செப்டம்பர், அக்டோபரில் வாக்கெடுப்பு வேண்டாம்; தேர்தல் துண்டறிக்கையில் பாதி உண்மையாக அச்சாகும். வரைவைப் பொது அரங்கில் விளக்குவது மட்டும் நடக்கட்டும். நவம்பர் தேர்தலுக்குப் பின், புதிதாகத் தேர்வானவர்களையும் அழைத்து விளக்கிய பிறகு, இறுதித் தீர்மானம். ஜனவரி 1 முதல் பொது மேலாளர் மட்டும். தெரு வேலைப் பகிர்வு ஏப்ரல் 1 முதல். இந்த மூன்று மாத இடைவெளிக்குக் காரணம் இரண்டு. புதிய ஏற்பாட்டைப் பனிக்கால நடுவில் தொடங்கினால் முதல் தவறு ஊர் முழுவதும் தெரியும். இன்னொன்று, ஊர் பட்ஜெட் பிப்ரவரியில் அறிமுகமாகி மார்ச்சில்தான் நிறைவேறும். அதுவரை முந்தைய ஆண்டுத் தொகையில் 26.25 சதவீதத்துக்குள் அடங்கும் தற்காலிக பட்ஜெட்டில் ஓட வேண்டும். புதிய பெரிய செலவுக்கு அதில் இடம் குறைவு. பரோ தருவதாக அதன் பட்ஜெட்டில் எழுதும் தொகையும், நீங்கள் வருவாயாகக் காட்டும் தொகையும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பிப்ரவரியிலேயே ஒத்துப் பாருங்கள். மாநிலச் சமூக விவகாரத் துறையின் உள்ளாட்சிச் சேவைகள் பிரிவுக்கு 'லீப்' என்ற மானியத் திட்டம் உண்டு. சாத்தியம் ஆராயவும் தொடக்கச் செலவுக்கும் பகிர்வு செய்யும் ஊர்களுக்கு உதவுவது. அந்தச் சுற்று திறந்திருக்கிறதா என்று உங்கள் நிர்வாகியை விசாரிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலை அதே பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம்.

உங்கள் முதல் வேலை, மேயரைச் சந்தித்த கையோடு, இரு ஊர் கிளார்க்கிடமும் இவற்றைக் கேட்பது: கடந்த மூன்று பனிக்காலத்தின் ஓவர்டைம் பதிவு, உப்பு கொள்முதல் சீட்டுகள், வண்டிப் பட்டியல், சங்க ஒப்பந்தம், முறிந்த இரண்டு பேச்சுகளின்போது எழுதிய வரைவுகள். அந்தப் பழைய வரைவுகளைக் கட்டாயம் படியுங்கள். எந்தப் பிரிவின் ஓரத்தில் யார் என்ன குறித்திருக்கிறார்கள் என்பது நூறு கூட்டங்கள் சொல்லாததைச் சொல்லும்.

அத்தனைக்குப் பிறகும் பரோ 'இந்த ஆண்டு வேண்டாம்' என்றால், சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். உப்பையும் டீசலையும் சேர்ந்து வாங்கலாம். மோரிஸ் கவுண்டி கூட்டுறவு விலைக் கவுன்சில் போன்ற கூட்டு கொள்முதல் அமைப்புகள் மாநிலத்தில் பல்லாண்டாக நடக்கின்றன, ஓர் ஊர் முன்னின்று டெண்டர் விட, மற்ற ஊர்கள் அதே விலையில் வாங்குகின்றன. அல்லது தெருக் கூட்டும் இயந்திரம் ஒன்றை மட்டும் பகிரலாம். அது வாரத்தில் பாதி நாள் உங்கள் கராஜில் சும்மா நிற்கிறது என்றால், செவ்வாயும் புதனும் பரோவுக்கு, ஓட்டுநரோடு, மணிக்கு இவ்வளவு என்று மூன்று பக்க ஒப்பந்தம் போதும். அதற்கும் தீர்மானம் வேண்டும், காப்பீட்டுச் சான்று வேண்டும், பிரஷ் தேய்ந்தால் யார் மாற்றுவது என்ற வரி வேண்டும்.